வடக்கே யார்?

பத்திரம் எழுத வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தொகையை. அடுத்ததாகப் பெயரும் இனிஷியலும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொத்து விவரத்தை, அதிலும் நான்கெல்லை வரிகளை, யாரும் படிப்பதில்லை. முப்பது வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் நான் முதலில் படிப்பது அந்த வரிகளைத்தான். ‘வடக்கே இன்னார் தோட்டம், கிழக்கே இன்னார் பூமி, தெற்கே இட்டேரி, மேற்கே ஓடை, இதற்கு மத்தியில் பு.ஏக்கர் 2.40.’ அந்த மண்ணின் நிறத்தைப் பற்றியோ அதில் நிற்கும் பனையைப் பற்றியோ ஒரு சொல் இருக்காது. யார் யாருக்கு நடுவில் கிடக்கிறது என்பதுதான் நிலத்துக்கு அடையாளம்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழெல்லை எது, தென்னெல்லை எது என்று வாய்க்கால் வாய்க்காலாக, வயல் வயலாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஆயிரம் வருஷம் ஆகியும் நாங்கள் எழுதும் முறை பெரிதாக மாறவில்லை. யானை போய்ச் சர்வேயர் வந்திருக்கிறார்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் என் பேனா ஓரிடத்தில் தயங்கும். அதுவரை அந்தத் தோட்டத்துக்கு நான்கு பக்கமும் எல்லையாக இருந்தவர்கள் வெளியாட்கள். பிரித்து எழுதியதும் ‘அ’ ஷெட்யூலில் ‘வடக்கே எங்களில் இரண்டாவது நபரின் பாகம்’ என்று வருகிறது. ‘ஆ’ ஷெட்யூலில் ‘தெற்கே எங்களில் முதல் நபரின் பாகம்’ என்று வருகிறது. காலையில் ஒரே காரில் வந்து இறங்கிய அண்ணனும் தம்பியும், கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒருவருக்கொருவர் எல்லையாகியிருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அது 1984. எனக்குப் பதினான்கு வயது. நாலேமுக்கால் ஏக்கர் தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. அத்தைகள் இருவருக்கும் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கக்கூட இல்லை. எழுதிய ரைட்டர் அளவையெல்லாம் சென்ட் பிசகாமல் எழுதியிருந்தார். எங்கள் பாகத்துக்கு வண்டி போகும் தடம் எது என்பதை மட்டும் எழுதவில்லை. அதுவரை எல்லாரும் ஒரே தடத்தில் போனதால் அது ஒருவர் மனசிலும் தோன்றவில்லை. இரண்டாம் வருஷம் ஏதோ ஒரு பேச்சில் மனஸ்தாபம் வந்து, சித்தப்பா அந்தத் தடத்தின் குறுக்கே கிளுவை நட்டு வேலியடைத்தார். அப்பா மஞ்சள் மூட்டையைத் தலைச்சுமையாக, ஓடை வழியே சுற்றிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா இறந்தபோது அப்பா போகவில்லை. அப்பா இறந்தபோது அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தைப் படித்தேன். அதன் 13-ஆவது பிரிவு, கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் வழியாகப் போவது அவசியமானால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்த வழி அவருக்கு உண்டு என்கிறது. அப்பா தலைச்சுமை சுமந்த காலத்துக்கு நூறு வருஷம் முன்பே அவருடைய தடம் சட்டத்தில் இருந்திருக்கிறது. அன்று அதைச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் எங்களுக்கு இல்லை.

‘எங்க புள்ளைங்க சண்டை போடறவங்க இல்லீங்க, எதுக்கு இப்பவே எழுதோணும்?’ என்று கேட்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். உயில் எழுதாமல் போனால் சொத்து கேட்பாரற்றுப் போய்விடாது. நமக்காகச் சட்டம் எழுதிவிடும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியம் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் உயிரோடிருக்கும் தாய்க்கும் சமமாகப் போகிறது. தாய் என்றதும் பலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். லாரி விபத்தில் போன ஓர் இளைஞனின் மனைவி, வங்கிக் கடனில் கட்டிய வீட்டைத் தன் பேருக்கும் குழந்தை பேருக்கும் மாற்ற வந்திருந்தாள். மூன்றில் ஒரு பங்கு அவளுடைய மாமியாருக்கு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் அது தெரியாது. மகன் போன மூன்றாம் மாதத்தில், அவர்கள் இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் பங்காளிகளாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டம் பின்னத்தில்தான் எழுதும். மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று. கிணறு எந்தப் பக்கம், தடம் எந்த வழி, பாட்டி கடைசிவரை எந்த அறையில் இருப்பாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. அதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் எழுதாமல் போய்விட்டார்.

பெண்கள் விஷயத்தில் எழுதாமல் போவதன் விளைவு இன்னும் கடுமை. பிள்ளையில்லாத ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், கணவனும் இல்லாத பட்சத்தில் அது முதலில் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் தகப்பன் அதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இது: கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண். அவள் இறந்தபின் வங்கிப் பணமும் வருங்கால வைப்புநிதியும் அவளை ஏறெடுத்தும் பாராத அந்தக் கணவனின் சகோதரி பிள்ளைகளுக்கே போயின. சட்டம் அப்படி இருக்கிறது, இரக்கப்பட்டு மாற்ற முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு வெள்ளைத்தாளும், அவள் கையெழுத்திடுவதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் போதும், எல்லாம் மாறியிருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவுகூடக் கட்டாயமில்லை; ஆனால் பதிந்துவைத்தால் பின்னால் பொய்யுயில் பேச்சு எழுவது குறையும் என்பதால் நான் பதியச் சொல்வேன். வேலைக்குப் போகும் பெண்கள் யார் வந்தாலும், வேறு காரியமாக வந்திருந்தாலும், இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

மகள்களின் பங்குக்கு வருவோம். பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பங்காளி என்று நம் மாநிலம் 1989 மார்ச் 25 முதல் சொல்லிற்று, ஆனால் அன்றைக்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கதவையும் திறந்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் கோர்ட்டுகளில் இழுபட்டு, வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பிரித்துப் பதிந்தவற்றைக் கிளற முடியாது. இதெல்லாம் இப்போது ஊரில் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது 1956 சட்டத்தின் பழைய 23-ஆவது பிரிவு. குடியிருப்பு வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவுசெய்யும்வரை அவள் பிரிக்கக் கேட்கக்கூடாது என்றது அது. கையில் பங்கு, வாயில் பூட்டு. 2005-இல்தான் அதை எடுத்தார்கள்.

சட்டம் திறந்த கதவின் வழியே மகள்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான். அண்ணன் தம்பிகள் முன்னால் நடக்க, அவள் கடைசியாக வருவாள். என் மேஜையில் தாள்களை விரித்து, ‘எனக்குரிய பாத்தியத்தை முழுமனதோடு விடுதலை செய்து’ என்று படித்துக் காட்டுவேன். படிக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். சிலர் உண்மையாகவே முழுமனதோடுதான் போடுகிறார்கள். பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடக்கூடாது, நாளை தன் மகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவை ஓர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ‘அந்தப் புளியமரம் யாருக்குப் போவுதுங்க ரைட்டரே?’ என்று கேட்டார். பெரிய அண்ணன் பாகத்தில் வருகிறது என்றேன். ‘அப்ப செரி’ என்றார். பங்கை விட்டதில் அவருக்கு வருத்தமில்லை. தான் ஊஞ்சல் கட்டி ஆடிய மரத்துக்கு யார் பொறுப்பு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செட்டில்மெண்ட் வேறு விதம். உயில் நாம் போன பிறகுதான் பேசும், மாற்றிக்கொண்டே இருக்கலாம், கடைசியாக எழுதியது நிற்கும். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். நினைத்தபோது தனியாக வந்து ரத்து செய்ய முடியாது. வயதானவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு, உயில் என்று நினைத்துச் செட்டில்மெண்ட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் அதைச் செல்லாததாக்கலாம் என்கிறது. அந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிற்று. ஆனாலும் நிபந்தனையை எழுத்தில் வைப்பதே பத்திரம். அதைச் சொன்னால் தாய்மார்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘அதை மட்டும் எழுதிப்போடாதீங்க, பையன் மனசு நொந்துக்குவான்.’ எத்தனை பேரிடம் மன்றாடியிருக்கிறேன்! நிபந்தனை எழுதினால் நோகிற மனசு, எழுதாவிட்டால் என்ன செய்யும் என்று யோசியுங்கள் அம்மா என்று.

பழைய சட்டங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. வெறும் பின்னம் எழுதும் சட்டம்கூட, ஒரு குடும்பத்துக்கு எல்லையில் யார் நிற்கிறார்கள் என்பதில் ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, பிரிக்காத குடும்ப வீட்டில் ஒருவருடைய பங்கை அந்நியர் வாங்கினால், அவர் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமையில்லை என்கிறது. 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, அப்படி வாங்கிய அந்நியர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை விலைகொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1956 சட்டத்தின் 22-ஆவது பிரிவு, உயிலில்லாமல் சேர்ந்து வந்த சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால் முதல் உரிமை மற்ற வாரிசுகளுக்கு என்கிறது. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை மூன்று சட்டங்கள், ஒரே கவலை.

இதன் முழு அர்த்தத்தை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். திருச்செங்கோட்டுப் பக்கம். வாலிபத்தில் போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசம் வரை போய், கல்லைத் துளைத்த தூசியோடு சம்பாதித்த காசில் வாங்கிய தோட்டம். சுயசம்பாத்தியம் என்பதால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு மகன்கள், நடுவில் ஒரு மகள். பழைய நோட்டுத் தாளில் பென்சிலால் தோட்டத்தின் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். கிணறு, சாளை, தென்னை வரிசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன.

‘மேக்கால பெரியவனுக்கு, கெழக்கால சின்னவனுக்கு. நடுவால புள்ளைக்குப் போட்டுருங்க. கெணறு அவ பாகத்துல வரோணும்.’

மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஓரமாகக் கொடுத்தால் குத்தகைக்கு விடச் சுலபமாயிருக்குமே என்று கேட்டேன்.

அவர் பென்சிலைக் கிணற்றின் மேல் வைத்தார். ‘பெரியவனும் சின்னவனும் பேசிக்கறதில்லீங்க. நாம் போயிட்டா சுத்தமா நின்னுரும். பொழி ஒண்ணாயிருந்தா தெனமும் வெட்டிக்குவாங்க. அவ நடுவால இருந்தா, தண்ணிக்கும் தடத்துக்கும் ரெண்டு பேரும் அவகிட்டத்தான் வந்தாகோணும். அவ ரெண்டு பேருத்துக்கும் சோறு போட்டு வளத்தவ.’

அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து அந்த உயிலை எழுதினோம். கிணறும் மோட்டாரும் கரண்ட் சர்வீசும் மூவருக்கும் பொது. ஆறு நாள் முறை, ஆளுக்கு இரண்டு நாள். ஏழாவது நாள் தொட்டிக்கும் தென்னைக்கும். பன்னிரண்டு அடித் தடம் இட்டேரியிலிருந்து மூன்று பாகத்துக்கும் போகும், யாரும் அடைக்கக்கூடாது. மூலப்பத்திரம் மகள் வசம் இருக்க வேண்டும், அண்ணன் தம்பி கேட்டால் காட்ட வேண்டும். சாதாரணமாக மூலப்பத்திரத்தை மூத்த ஆண்மகன் வசம் என்றுதான் எழுதுவோம். பங்கின் அளவைப் பற்றி அவர் பேசியது ஐந்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைத்தான் பேசினார்.

நான் அதுவரை நூற்றுக்கணக்கான உயில் எழுதியிருந்தேன். யாருக்கு எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். ஒரு தகப்பன் தனக்குப் பின்னால் தன் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்து, அதை மண்ணின் மேல் வரைந்துவிட்டுப் போக முடியும் என்று அன்றுதான் கண்டேன். கொடுத்துவிட்டுப் போகிற எல்லாவற்றிலும் அதுதான் பெரிய சொத்து. எந்தச் சட்டத்தாலும் நமக்குப் பதிலாக அதை எழுதித்தர முடியாது.

அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. உயிலைக் காட்டிப் பட்டா மாற்ற மூவரும் வந்தபோது, பெரிய மகன் திண்ணையில் ஓர் ஓரமாகவும் சின்ன மகன் மறு ஓரமாகவும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரிடமும் மாறி மாறிக் கையெழுத்து வாங்கினார். சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன கோடையில் மோட்டார் முறையில் தகராறு வந்து சத்தம் போட்டுக்கொண்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் ஒரு துக்கத்துக்காக அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். தடம் திறந்து கிடந்தது. டிராக்டர் போன தடயம் இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

ஊர் திரும்பியதும் என் உயிலை எழுத உட்கார்ந்தேன். மகனுக்கும் மகளுக்கும் என்ன, எந்தப் பக்கம், தடம் எது என்பதெல்லாம் விறுவிறுவென்று வந்துவிட்டது. நான்கெல்லையில் வந்து நின்றேன். கிழக்கே ஓடை, தெற்கே இன்னார் தோட்டம், மேற்கே இன்னார் காடு. வடக்கே? சித்தப்பா பூமி. இப்போது யார் பேரில் இருக்கிறது? இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் பட்டா வந்துவிடும். பிறருக்காகத் தினமும் பத்துத் தடவை பார்க்கிறேன். அன்று அதைத் திறக்கக் கை வரவில்லை. யார் யாரிடமோ கேட்டு, சித்தப்பா மகனின் நம்பரை வாங்கிப் போன் போட்டேன்.

என் பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ‘சொல்லுங்கண்ணா’ என்றான்.

உயில் எழுதுகிறேன், வடக்கெல்லைக்குப் பேர் வேண்டும், யார் பேரைப் போடட்டும் என்று கேட்டேன்.

‘பட்டா இன்னும் அப்பா பேர்லதானுங்கண்ணா இருக்குது. மாத்தோணும் மாத்தோணும்னு கெடக்குது. அப்பா பேரையே போட்டுக்குங்க.’

எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, ‘இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்தா எடுத்துக்கிட்டு ஒரு நாள் ஆபீசுக்கு வா. நான் எழுதித் தர்றேன்’ என்றேன்.

‘வர்றனுங்கண்ணா’ என்றான். வைக்கப்போனவன், ‘அந்த வேலி இப்ப இல்லீங்கண்ணா. கிளுவையெல்லாம் பட்டுப்போயிருச்சு’ என்றான்.